எல், ஐ, பி, ஒரு புள்ளி

— வேண்டாம் டாக்டரம்மா, இந்தக் கல்லறையும் வேண்டாம். இதுக்கு முன்னாடி காட்டின ஏழும் வேண்டாம். நாங்க டூருக்குக் காசு கட்டி வந்தது மூணே மூணு எழுத்துக்கு.

— வரிசையா வருவோம், நட்சரேனோ சார். வரிசையா வந்தாத்தான் எழுத்து புரியும். இது ரோமாபுரி காலத்துல பிரசவம் பாத்த ஒரு அம்மாவோட கல்லறை. வாசலுக்கு மேல சுட்ட மண்ணுல செஞ்சு பதிச்சிருக்காங்க பாருங்க. நாற்காலியில வயித்துப் புள்ளக்காரி, அவ முன்னாடி குட்டை ஸ்டூல்ல உக்காந்திருக்கிறவங்க...

— பாத்தாச்சு. கடை போர்டு. போன கல்லறையில கத்திக் கடைக்காரன், அதுக்கு முன்னாடி தண்ணி விக்கிறவன். செத்தும் வியாபாரத்தை விடல.

— நீ செத்தா உன் கல்லுல பஸ்ஸு செதுக்கணும் அண்ணா. லேட்டா வர்ற பஸ்ஸு.

— லிபோ, வாயை மூடு. முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன், ஒருத்தன் என்னை லேட்டுன்னு சொன்னதில்ல.

— சொல்லியிருப்பாங்க, உனக்குக் கேட்டிருக்காது. மேடம், இவன் பேசறதைத் தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான். கேட்டுல, அப்பா தன் கல்லுக்குன்னு எழுதி வச்ச சீட்டைக் காட்டினோம். நீங்களும் வாங்கிப் பாத்தீங்க. பாத்துட்டு "வாங்க, முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்"னீங்க. ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் முதல்லயேதான் இருக்கோம்.

— அம்மா, ஒரு எழுத்தை மட்டும் தனியாப் பிச்சு எடுத்து அர்த்தம் சொல்ல முடியாது. சுத்தி என்ன இருக்குன்னு... கொஞ்சம் இருங்க.

— என்ன?

— விமானம். போகட்டும்.

— என்ன சொல்றீங்க?

— விமானம் போகட்டும்னேன்!

— போச்சு. இது பதினோராவது. நான் எண்ணிட்டு இருக்கேன். ஏன் டாக்டரம்மா, ரன்வேக்குப் பக்கத்துலயா கொண்டாந்து புதைச்சாங்க?

— இவங்க வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆகுது சார். விமானம்தான் பின்னாடி வந்தது.

— அண்ணா, அவங்க காலடியில பாரு. மண்ணுக்கு வெளிய பானைக் கழுத்து மாதிரி என்னவோ நீட்டிட்டு இருக்கு.

— பானைக் கழுத்தேதான். கல்லறை கட்ட வசதியில்லாதவங்க. எண்ணெய் வந்த ஜாடியை ரெண்டா உடைச்சு, உள்ள அஸ்தியை வச்சு, கழுத்தை மட்டும் வெளிய விட்டுடுவாங்க. பேரே கிடையாது. பாத்து, பாத்து! அந்தப் பக்கம் மிதிக்காதீங்க. அங்க பல்லி முட்டை இருக்கும். அதுக்காகத்தான் அடெல்மோ அந்த ஓரத்துல மெஷினே ஓட்ட மாட்டார். கையாலதான் புல்லு பிடுங்குவார்.

— அப்பாவை உங்களுக்குத் தெரியுமா மேடம்?

— இங்க முப்பது வருஷம் புல்லு வெட்டினவரை யாருக்குத்தான் தெரியாது?

— அதானே. சரி, இப்ப அவர் சீட்டுக்கு வாங்க. டாக்டரம்மா, உங்களுக்கு இன்னொரு தடவை சொல்றேன், ஸ்டாப் ஸ்டாப்பா சொல்றேன். அப்பா போய் எட்டு மாசம். மேல மூட வேண்டிய கல்லு இன்னும் வெறும் கல்லு. நாளன்னைக்கு, சனிக்கிழமை, இறந்தவங்க நாள். ஊரு மொத்தமும் செவ்வந்திப் பூவைத் தூக்கிட்டு வந்து நிக்கும். எங்க கல்லைப் பாத்துட்டு என்ன சொல்லும்? ரெண்டு புள்ளைங்க இருந்தும் பேரு போடலன்னு சொல்லும்.

— சொல்ல ஆரம்பிச்சாச்சு. சலவைக் கடையில துணி குடுக்க வர்றவங்க என் முகத்தை வச்சே கண்டுபிடிக்கிறாங்க.

— கல்லு வெட்டுற துல்லியோ இன்னைக்கு நாலு மணி வரைக்கும் உளியோட உக்காந்திருப்பான். அதுக்கு மேல போனா அவன் சனிக்கிழமைக்குத் தர மாட்டான். இப்ப மணி ரெண்டே முக்கால். நான் அவனுக்கு என்ன எழுதணும்னு சொல்லணும். அவ்வளவுதான்.

— சீட்டுல இருக்கிறதை அப்படியே வெட்டச் சொல்லலாமே சார். அர்த்தம் எதுக்கு?

— அர்த்தம் எதுக்கா! ஏன் மேடம், அந்தக் கல்லறையில ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. ஆறு வருஷம் முன்னாடி அப்பா யார்கிட்டயும் சொல்லாம வாங்கினார். ஒண்ணுல அவர் படுத்துட்டார். இன்னொண்ணு காலி.

— உங்க அம்மாவுக்கா இருக்கும்.

— அம்மா அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டாங்க. சிசிலியில, அவங்க அப்பா அம்மா பக்கத்துலதான் வைக்கணும்னு சொல்லிட்டே போனாங்க. வச்சாச்சு. அது அப்பாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் ரெண்டு இடம் வாங்கினார்னா எதுக்கு? அதுக்குத்தான் அந்தச் சீட்டு. சாமியார்கிட்ட காட்டினோம். அவர் லத்தீன்ல பாதி படிச்சார். "அடெல்மோ இதைத் தனக்கும் லிப்புக்கும் செஞ்சான்." அங்க நின்னுட்டார். எல், ஐ, பி, ஒரு புள்ளி. இது பூசை லத்தீன் இல்லம்மா, கல்லு லத்தீன், தெரிஞ்சவங்ககிட்ட போங்கன்னுட்டார்.

— இவ என்ன சொல்றா தெரியுமா டாக்டரம்மா? எல், ஐ, பின்னா லிபோரியாவாம். தானாம்!

— என் பேரு லிபோரியா தானே? வேற எப்படிச் சுருக்குவாங்க? நீயே என்னை லிபோன்னுதானே கூப்பிடற?

— அப்பா உன்னை ஒரு நாளாவது லிபோன்னு கூப்பிட்டாரா? "பொண்ணு"ன்னுதான் கூப்பிடுவார்.

— அவருக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா யாரு உக்காந்திருந்தா? நீயா? நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆரஞ்சுப் பழம் கொண்டாந்து நீயே உரிச்சுத் தின்னுட்டுப் போனே.

— பாத்தீங்களா? எட்டு மாசமா இதே பாட்டு. டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. லிபெரின்னா லத்தீன்ல பிள்ளைங்கன்னு அர்த்தம். என் பேரன் புத்தகத்துல பாத்துச் சொன்னான். "தனக்கும் பிள்ளைகளுக்கும்." பிள்ளைகள்னா ரெண்டு பேரும். ரெண்டு பேர்ல மூத்தவன் முதல்ல.

— மூத்தவன் முதல்ல சாவான்னு கேரண்டியா?

— இவளோட ஒரு வார்த்தை பேச முடியுதா பாருங்க!

— சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும். இப்படி நிழலுக்கு வாங்க. இந்த வாசல் கல்லைப் பாருங்க. நாலாவது வரி. என்ன தெரியுது?

— எல், ஐ, பி. அட! இங்கயும் லிபோரியா ஒருத்தி இருந்திருக்கா.

— பக்கத்துலயே மறுபடியும் எல், ஐ, பி இருக்கு பாருங்கம்மா. ரெண்டு லிபோரியா இருக்க முடியாது. இது அடிமையா இருந்து விடுதலை வாங்கினவங்க. முதல் லிப் ஆம்பளைங்க, ரெண்டாவது லிப் பொம்பளைங்க. "என்கிட்ட அடிமையா இருந்து விடுதலையானவங்களையும் இங்க வைக்கலாம்"னு வீட்டுக்காரர் எழுதி வச்சிருக்கார். இந்தத் தெருவுல பாதி கல்லுல இது இருக்கும்.

— எங்க அப்பாகிட்ட ஏது அடிமை? அவர் ஒரு நாய் கூட வளர்க்கல.

— அதான் நானும் சொல்றேன். அதோட, அவர் சீட்டுல லிப் ஒரு தடவைதான் இருக்கு. அதனால அது இல்ல.

— இதை எதுக்கு முழுசா எழுதாம இப்படிக் குதறி வச்சாங்க? கல்லு பத்தலயா?

— கல்லுல ஒவ்வொரு எழுத்தும் உளியடி சார். வழியில போற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை முழுசா வெட்ட மாட்டாங்க. முதல் எழுத்து, ஒரு புள்ளி, போதும். யாருக்கும் தெரியாத விஷயத்தைத்தான் முழுசா எழுதணும். அதுதான் விதி. உங்க அப்பா அதைக் கடைசி வரைக்கும் தப்பாவே...

— தப்பாவே என்ன?

— விமானம்.

— எங்க? ஒரு சத்தமும் கேக்கலயே.

— இப்ப வரும். சரி சார், உங்க மூணு எழுத்து. நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். பிள்ளைகள். "தனக்கும் பிள்ளைகளுக்கும்." அப்படி வச்சுக்கலாம்.

— கேட்டியா லிபோ! கேட்டியா! பிள்ளைகள்! இதைக் கேட்டுலயே சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் மிச்சம். இரு, துல்லியோவுக்குப் போன் போடறேன்.

— அவசரப்படாதே அண்ணா. "வச்சுக்கலாம்"னுதானே சொன்னாங்க? மேடம், பட்டம் வாங்கினவங்க நீங்க. வச்சுக்கலாமா, இருக்கா?

— நான் சொன்னதோட விட்டுடலாமே லிபோரியாம்மா. ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கு. சண்டை தீர்ந்துரும். வாங்க, கேட்டுப் பக்கம் போவோம்.

— அப்படித் தீர வேண்டாம். ஏங்க, அந்தச் சீட்டைக் குடுங்க. கட்டைவிரலை எடுங்க. வந்ததுலேருந்து கீழ் வரியை விரலாலயே மூடிட்டு இருக்கீங்க. இதோ. எச், எம், எச், என், எஸ். சாமியார் இதை மொபைல் நம்பர் மாதிரி இருக்குன்னார். இது என்ன?

— அது... எல்லாக் கல்லுலயும் போடற வழக்கம். கடுதாசிக்குக் கீழ "இப்படிக்கு"ன்னு போடற மாதிரி.

— இந்த வாசல் கல்லுலயும் கீழ அதே அஞ்சு எழுத்து இருக்கு. நான் தடவிப் பாத்துட்டேன். கல்லைப் பாத்துச் சொல்லுங்க. சீட்டைப் பாக்காதீங்க.

— டாக்டரம்மா, சொல்லிடுங்க. இவ விட மாட்டா. சலவைக் கடையில கறை போகலன்னா விடிய விடியத் தேய்க்கிற ஜாதி.

— "இந்தக் கல்லறை வாரிசுகளைச் சேராது."

— என்னது?

— அஞ்சு எழுத்துக்கும் அதுதான் அர்த்தம், சார். இந்தக் கல்லறை வாரிசுகளைச் சேராது. சொத்தை வாங்கறவங்க இதுக்குள்ள வரக்கூடாது. வீடு, நிலம், எல்லாம் எடுத்துக்கோங்க, இங்க மட்டும் இடம் கேக்காதீங்கன்னு.

— வாரிசுன்னா... நாங்கதானே?

— நீங்கதான்மா.

— அப்ப லிபோரியாவும் இல்ல.

— இல்ல.

— பிள்ளைங்களும் இல்லயா? இருங்க, இருங்க, டாக்டரம்மா. இப்பத்தானே பிள்ளைங்கன்னீங்க? ஒரே ரூட்டுல போற பஸ்ஸை நடுவுல திருப்பறீங்க!

— மேல பிள்ளைகளுக்குன்னு எழுதிட்டு, கீழ பிள்ளைகளுக்கு இல்லைன்னு யாரும் எழுத மாட்டாங்க சார். பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. இருபத்தெட்டு வருஷத்துல இந்தக் கல்லுங்க நடுவுல நின்னு சொன்ன முதல் பொய்.

— அப்ப யாரு? எல், ஐ, பி யாரு? புல்லு வெட்டின ஆளு, அஞ்சாங்கிளாஸ் படிப்பு, ஓய்வு வாங்கினப்புறமும் வியாழக்கிழமை தவறாம "புல்லைப் பாத்துட்டு வர்றேன்"னு இங்கதான் கிளம்பி வருவார். அவருக்கு இந்த லத்தீன் எங்கேருந்து வந்துச்சு? ஏன் அண்ணா, உனக்குத் தெரியுமா? முழுக்கைச் சட்டை போட்டுட்டு வருவார். புல்லைப் பாக்க.

— எனக்குத் தெரிஞ்சு போச்சு. பொம்பளை. எவளோ ஒரு பொம்பளை. அந்த வயசுல!

— அம்மா இருந்தப்பவேவா?

— இல்ல. உங்க அம்மா போய் நாலு வருஷம் கழிச்சு.

— மேடம்?

— இருக்கும்னு சொல்றேன். தேதியைக் கணக்குப் பண்ணினா.

— கணக்கு நான் பண்ணிட்டேன். எட்டு மாசமா நானும் இவளும் எலியும் பூனையுமா அடிச்சுக்கறோம். கிறிஸ்துமஸுக்குக் கூட பேசிக்க மாட்டோம் போல இருக்கு. எதுக்கு? எவளோ ஒருத்திக்குப் போட்டு வச்ச சீட்டுக்கு! ஹலோ. ஹலோ, துல்லியோவா? நட்சரேனோ பேசறேன். ஆமா, முடிவு பண்ணியாச்சு. அப்பா பேரு, பொறந்த வருஷம், இறந்த வருஷம். அவ்வளவுதான். ரெண்டாவது வரி வேண்டாம். மூணாவதும் வேண்டாம். ஆமாப்பா, அந்த லத்தீனையே தூக்கிடு.

— தூக்காதீங்க.

— கொஞ்சம் இரு துல்லியோ. என்ன டாக்டரம்மா?

— அந்த வரியைத் தூக்காதீங்க சார். காலி இடத்தை நீங்களே வச்சுக்கோங்க. யாரும் வந்து கேக்க மாட்டாங்க. அந்த அஞ்சு எழுத்தை வேணும்னா எடுத்துடுங்க. மேல் வரி மட்டும் இருக்கட்டும். மூணு எழுத்து, ஒரு புள்ளி. வர்றவங்க யாருக்கும் புரியாது. உங்களுக்கு ஒரு அவமானமும் வராது.

— உங்களுக்கு என்னங்க? எங்க அப்பா, எங்க கல்லு. நீங்க டூர் காட்ட வந்தவங்க. கேட்டதுக்கு அர்த்தம் சொல்லியாச்சு, பணம் கட்டியாச்சு, கிளம்பலாம்.

— அண்ணா, சும்மா இரு.

— நான் ஏன் சும்மா இருக்கணும்? ஒரு மணி நேரமா நம்மளைச் சுத்த விட்டுட்டு...

— சும்மா இருன்னேன்ல! மேடம், உங்களை எங்கயோ பாத்திருக்கேன்னு கேட்டுலயே தோணுச்சு. அடக்கத்தன்னைக்கு. கோயில்ல கடைசி பெஞ்சு. நனைஞ்ச குடையை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தீங்க. நற்கருணைக்கு முன்னாடியே எழுந்து போயிட்டீங்க. கல்லறை ஆபீஸ்லேருந்து வந்தவங்களோன்னு நெனச்சேன்.

— செவுத்துல ஒட்டியிருந்த போஸ்டரைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும், லிபோரியாம்மா. பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு இருந்தேன். யாரும் எனக்குச் சொல்லணும்னு இல்லையே.

— ஒரே ஒரு கேள்வி. இன்னைக்கு வியாழக்கிழமை. டூருக்குப் போன் பண்ணினப்ப, "வியாழக்கிழமைன்னா அவங்க இருப்பாங்க, கல்லெழுத்துல அவங்களை விட்டா ஆளில்ல"ன்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

— முன்னாடியெல்லாம் வியாழக்கிழமை நான் டூர் எடுத்ததே இல்ல. எட்டு மாசமாத்தான் எடுக்கறேன். வீட்டுல உக்காந்திருக்க முடியல.

— என்ன சொல்றாங்க இவங்க? ஹலோ, இரு துல்லியோ, வச்சுடாதே. வியாழக்கிழமைக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

— உங்க கழுத்துல தொங்குற அட்டை, மேடம். கைடுங்க எல்லாரும் பேரு தெரியற மாதிரித்தான் போடணும். வந்ததுலேருந்து திரும்பியே கிடக்கு. காத்துல திரும்பிடுச்சுன்னு நெனச்சேன்.

— காத்து இல்லம்மா. கேட்டுல அவர் கையெழுத்தைப் பாத்ததும் நான்தான் திருப்பினேன். ரெண்டாவது இடம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. என்கிட்ட சொல்லல. "அடெல்மோ, சுருக்காதே, இது யாருக்கும் தெரியாத விஷயம், முழுசா எழுது"ன்னு எத்தனையோ தடவை திருத்திக் குடுத்திருக்கேன். இந்தக் கல்லு முன்னாடி, இதே படியில உக்காந்து. கேட்டாத்தானே! "உனக்குத் தெரியும்ல, அது போதும்"பார்.

— லிபோ, துல்லியோ கத்தறான். உளியைக் கையில வச்சுட்டு நிக்கறானாம். ரெண்டாவது வரி உண்டா, இல்லையா?

— அட்டையைத் திருப்புங்க மேடம்.

— வேண்டாம்மா.

— திருப்புங்க. போனை இப்படிக் குடு அண்ணா. துல்லியோ, லிபோரியா பேசறேன். அந்த வரி இருக்கட்டும், புள்ளியை மட்டும் எடுத்துடுங்க. எல், ஐ, பி-க்கு அப்புறம் ஈ, ஆர், ஏ போடுங்க. லிபெரா. ஆமா, சரியாத்தான் சொல்றேன், அவங்க கழுத்துலேருந்து பாத்துத்தான் படிக்கறேன்.